பழம் பறிப்பது பெண், பட்டாவில் ஆண்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் காபி. ஏற்காட்டுக் குடும்பங்களின் வரவு செலவு இன்றும் பெரிதும் அதை நம்பித்தான். ஆனால் ஏற்காட்டில் விளையும் அராபிகாவுக்கு விலை வைப்பது நியூயார்க் சந்தை.

எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று உலகக் காபி ஒப்பந்தம் ஒரு காலத்தில் அளவு வைத்திருந்தது. 1989 ஜூலையில் அது முறிந்தது. இங்கே காபி வாரியம் மொத்தமாக வாங்கி விற்ற முறையும் படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் முடிந்தது. விரும்பியவருக்கு விற்கலாம் என்ற சுதந்திரம் வந்தது. கூடவே, பிரேசிலில் பனி விழுந்தால் இங்கே லாபம், வியட்நாமில் விளைச்சல் குவிந்தால் இங்கே நட்டம் என்ற நிலையும் வந்தது. 2001, 2002-ல் விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை.

விலை சரிந்தால் தோட்டத்தில் முதலில் நிற்பது கவாத்தும் களையெடுப்பும்தான். அதாவது வேலை நாட்கள். ஆண்கள் கேரளம், குடகு, திருப்பூர் என்று இறங்குகிறார்கள். 2005-ல் உலக ஆடை வணிகத்தில் ஏற்றுமதி ஒதுக்கீடு நீங்கியதும் நூற்பாலைகளுக்கு இளம்பெண்கள் தேவைப்பட்டனர். மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்று ஆள் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ அப்படிப் பரவியதுதான். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்ற புகார்கள் ஏராளம்.

மலையில் தங்கிய பெண்தான் இப்போது விவசாயி. சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்பது, அன்றைக்கே பல்பரில் போடுவது, உலர்களத்தில் கிளறுவது எல்லாம் அவர்தான். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்த செடியைக் கண்டுபிடிப்பதும் அவரே. இலை மஞ்சளாகி, தண்டில் வரப்புபோல் மேடு தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. வண்டு ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–டிசம்பரிலும் வெளிவரும். அதற்குமுன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் அச்செடிகளைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஆள் இல்லை என்று ஒரு பருவம் விட்டால் பக்கத்துச் செடிகளும் போய்விடும்.

இவ்வளவு செய்பவர் வங்கிக் கடனோ மானியமோ கேட்டுப் போனால், பட்டா யார் பெயரில் என்பதே முதல் கேள்வி. கணவரோ வெளியூரில்! வன நிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பயிரிடும் பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரப்பட வேண்டும். மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போதே மனைவி பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.