மழையும் வெண்பனியும் நிலத்தடி நீரும்

கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழையளவு ஏறத்தாழ 3,000 மி.மீ. ஆகும். அத்தகைய மாநிலத்தில் நிலத்தடி நீர்ப் பற்றாக்குறை என்றால் பலரும் வியப்புறுவர். எனினும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் ஒன்றியம் 2004, 2017 ஆகிய ஆண்டுகளின் மதிப்பீடுகளில், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதியாக வகைப்படுத்தப்பட்டது. வரவைக் காட்டிலும் செலவு மிகுந்துவிட்டது என்பதே இதன் பொருள். தமிழக எல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள கோவிந்தாபுரம் இவ்வொன்றியத்திற்கு அண்மையில் உள்ளது.

பெய்யும் நீரெல்லாம் நிலத்தடிக்குச் செல்வதில்லை. எவ்வளவு பெய்கிறது என்பதோடு, எவ்வளவு மெதுவாகப் பெய்கிறது, எத்தகைய நிலத்தில் விழுகிறது என்பனவும் சேர்ந்தே நீர் ஊட்டத்தை நிர்ணயிக்கின்றன.

வெண்பனி செய்யும் பணி

இங்கு வெண்பனி என்பது மார்கழிப் பனியன்று; இமயமலையில் குளிர்காலத்தில் பொழிந்து படியும் பனியாகும். அது உருகும்போது நீர் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிகிறது. மண் உறிஞ்சும் வேகத்தை ஒட்டி நீர் கிடைப்பதால், பெரும்பகுதி உள்ளிறங்க வாய்ப்பு ஏற்படுகிறது. மண்ணே உறைந்திருந்தால் உருகிய நீரும் வழிந்தோடிவிடும். பருவ வெப்பம் உயர்ந்து, பனிக்குப் பதில் மழை பெய்யும்போது இந்த இயற்கைச் சேமிப்பு குறைகிறது. இமயப் பகுதி நீரூற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றி வருவதாக நிதி ஆயோக்கின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

பாறையின் கொள்ளளவு

தென்னாட்டில் இத்தகைய பனிச் சேமிப்பு இல்லை. சில மணி நேரத்தில் கொட்டும் மழையை மண் முழுதும் ஏற்க இயலாது. 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் சில வாரங்களிலேயே கேரளத்தின் ஆறுகளிலும் கிணறுகளிலும் நீர்மட்டம் விரைந்து இறங்கியது நினைவிருக்கலாம்.

1997ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறைப்படி, மழைநீரில் உட்செல்லும் பங்கு கங்கைச் சமவெளி வண்டலில் 22 சதவிகிதம். களிமண் குறைந்த, சிதைவுற்ற பாறை நிலத்தில் 11 சதவிகிதம். களிமண் மிகுந்தால் 8 சதவிகிதம். வெடிப்புகள் குறைந்த கெட்டிப் பாறையில் 1 சதவிகிதம் மட்டுமே.

ஒரு ஹெக்டேரில் 1,000 மி.மீ. மழை பெய்தால் கிடைப்பது 1 கோடி லிட்டர். அதில் 11 சதவிகிதம், அதாவது 11 லட்சம் லிட்டரே சேமிப்பாகிறது. சிதைந்த பாறையில் நீர் தங்கும் இடம் 3 சதவிகிதம் எனக் கொண்டால், நீர்மட்டம் ஏறத்தாழ 3.7 மீட்டர் உயரும். அதே அளவு இறைத்தால் அதே வேகத்தில் இறங்கவும் செய்யும்.

எல்லைப்புறத்தின் நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள சித்தூரின் கிழக்குப் பகுதிகளில் மழை குறைவு. ஆங்காங்கே காணப்படும் கரிசல் மண் நனைந்ததும் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்வதால் நீர் இறங்குவது தடைபடுகிறது. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணை வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் விடப்பட வேண்டும். வாய்க்கால்களிலும் வயல்களிலும் கசியும் இந்நீரும் கிணறுகளுக்கு ஊட்டமளிக்கிறது.

நீர்மட்டம் இறங்கும்போது முதலில் பாதிக்கப்படுபவர் திறந்த கிணற்றை நம்பிய சிறு விவசாயியே. வசதியுள்ளவர் ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவார். பொதுச் சேமிப்பைத் தனியொருவர் செலவிடுவதற்கு இது ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

வெண்பனி இமயத்தில் செய்யும் பணியை இங்கு ஏரிகளும், வரப்புகளும், தடுப்பணைகளும், மலைச்சரிவுக் காடுகளும் செய்யவேண்டும். மழையின் வேகத்தைத் தணித்து, நீரை நிலத்தில் நிறுத்துவதே இவற்றின் பயன். ஏரிகளைத் தூர் வாரும்போது அடியில் படிந்த களிமண்ணை அகற்றுவது அவசியம். ஊட்டத்தைப் பெருக்குவதோடு, இறைப்பை அளந்து, அதற்கேற்பப் பயிர்களைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டும். செலவைக் கட்டுப்படுத்தாமல் வரவை மட்டும் பெருக்கினால் கணக்கு நேராகாது.