பதினைந்து வாட் பெட்டிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்று முதல் நாளே செய்தி வந்துவிடுகிறது. நாமும் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, மிக்ஸி வேலையை முடித்து, போனைச் சார்ஜில் போட்டுத் தயாராகிவிடுகிறோம். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போகிறது. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, போனுக்குள் இருக்கிறது, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேனும் சுற்றுகிறது. இவற்றையெல்லாம் வெளியுலகோடு இணைக்கிற வைஃபை பாக்ஸ் மட்டும் அணைந்துவிடுகிறது. இத்தனைக்கும் வீட்டில் மிகக் குறைவாக மின்சாரம் எடுக்கும் சாதனங்களில் அதுவும் ஒன்று. பத்துப் பதினைந்து வாட்தான், ஒரு எல்.இ.டி. பல்பு எடுக்கிற அளவு.

பழைய லேண்ட்லைன் போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. புயல் அடித்துத் தெருவே இருட்டாகிக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். போனுக்கு வேண்டிய மின்சாரம் வீட்டு மீட்டரிலிருந்து வரவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து, பேச்சு வந்த அதே செம்புக் கம்பியிலேயே வந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் 2 வோல்ட் ஈய-அமில செல்கள் 24-ஐ வரிசையாக இணைத்து 48 வோல்ட் டி.சி. தயாராக வைத்திருப்பார்கள். அதிலும் பாசிட்டிவ் முனையைத்தான் பூமியில் இணைப்பார்கள். கம்பி நெகட்டிவ்வாக இருந்தால் மண்ணின் ஈரத்தில் செம்பு அரிப்பது குறையும். அதனால்தான் தொலைத்தொடர்புக்காரர்கள் இன்றும் ‘மைனஸ் 48’ என்று பேசுகிறார்கள். ஈ.பி. சப்ளை இருக்கும்போது அந்த பேட்டரிகள் சார்ஜரோடு சேர்ந்தே நிற்கும். சப்ளை போனால் மாற்றிவிட ஒரு சுவிட்சுகூட வேண்டாம், ஒரு நொடியும் இடையில் அறுபடாது.

ஃபைபர் வந்ததும் இந்த ஏற்பாடு முடிந்துபோனது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆகவே, இணைப்பின் இந்த முனையில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பது நம் பொறுப்பாகிவிட்டது. அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் பழைய நம்பரை அப்படியே ஃபைபருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், இனிக் கரண்ட் போனால் அந்த லேண்ட்லைனும் போய்விடும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைக்கு ஓடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் பெட்டிக்கு நீங்கள் கரண்ட் கொடுத்துவிட்டால் போதுமா? எதிர்முனை உயிரோடு இருக்குமா?

இது இணைப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் அவர்களுடைய நிலையத்தில் ஒரு கருவி, நம் வீட்டில் ஒரு கருவி, இடையில் வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர், அவ்வளவுதான். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். தெருவெல்லாம் இருண்டு கிடந்தாலும், நிலையத்தில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும் வரை இணைப்பு நிற்கும். கேபிள்காரர் வழியாக வரும் இணைப்புகளில் கதை வேறு. அவருடைய வீட்டு மாடியிலோ, தெருமுனைக் கடையிலோ, கம்பத்தில் தொங்கும் பெட்டியிலோ ஒரு சுவிட்ச் இருக்கும். அது அந்தத் தெருவின் கரண்டையே நம்பியிருக்கும். அவர் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்திருப்பார், அதன் பேட்டரி எந்த வருஷத்தில் வாங்கியது என்று அவருக்கே நினைவிருக்காது.

கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி உண்டு. அடுத்த முறை கரண்ட் போகும்போது உங்கள் பெட்டியை எப்படியாவது ஓடவையுங்கள். இன்வெர்ட்டர் லைனிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தாலும் சரி. பிறகு பெட்டியின் முகப்பைப் பாருங்கள். ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக அசையாமல் நின்றால் எதிர்முனை விழித்திருக்கிறது. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் வெளிச்சம் வரவில்லை. கரண்ட் போன கணமே அது சிவந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் பயனில்லை. அரைமணி கழித்துச் சிவந்தால் கேபிள்காரரின் பேட்டரிக்கு ஆயுள் அரைமணி. அதற்கு மேல் உங்கள் வீட்டில் எட்டு மணி நேர பேக்கப் வைப்பது வீண் செலவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் பேட்டரி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

எதிர்முனை நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து அடாப்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று இருக்கும். சிலவற்றில் 9 வோல்ட், அபூர்வமாக 5. பக்கத்திலேயே வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று அது காட்டும். பெரும்பாலும் நடுவில் பிளஸ்தான், ஆனாலும் பார்த்துவிடுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் 18 வாட். இது உச்ச வரம்பு. வைஃபையோடு சேர்ந்த ஒரு ஃபைபர் பெட்டி நடைமுறையில் எடுப்பது 8 முதல் 12 வாட்தான். ஃபைபர் பெட்டி ஒன்று, ரவுட்டர் ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் பேக்கப் கொடுத்துவிட்டு, வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டுகிறதே, நெட் ஏன் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேலெல்லாம் மின்வெட்டு இருந்தபோது வாங்கிப்போட்ட வீடுகள் எத்தனையோ. அப்போது வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் ஃபேனையும் லைட்டையும்தான் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார், டி.வி. பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட் அதில் சேர்ந்திருக்காது. அதை மாற்றச் சொன்னால் அரை நாள் வேலை. இன்னொன்று, இன்வெர்ட்டரின் பின்புறம் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கரண்ட் போகிற கணத்தில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை அது குறைக்கிறது. நார்மலில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி எழும்; மறுபடி இணைப்பு கிடைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், வீடியோ மீட்டிங் அறுந்துவிடும். யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்த நிலையில் இன்வெர்ட்டர் வோல்டேஜ் விஷயத்தில் கறாராக இருக்கும். லோ வோல்டேஜ் வரும் ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்காக மட்டும் புதிதாக இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். பேட்டரியில் இருப்பது டி.சி. அதை 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றி, அடாப்டர் அதை மறுபடியும் 12 வோல்ட் டி.சி.யாக்கி, பெட்டிக்குக் கொடுக்கிறது. இது சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சென்னை வழியாகப் போவது போல. இரண்டு மாற்றத்திலும் இழப்பு. போதாக்குறைக்கு இன்வெர்ட்டர் தான் விழித்திருக்கவே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அதற்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 84 வாட்-மணி. 12 வாட் பெட்டிக்கு அது ஏழு மணி நேரம் வர வேண்டும். இரண்டு இரண்டரை மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். இடையில் பீப் பீப் என்று வேறு கத்தும். லோடு மிகக் குறைவாக இருப்பதால் ஏதும் ஓடவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும் மாடல்களும் உண்டு. அதே 7 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து நல்ல கன்வெர்ட்டர் வழியாக நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஐந்து மணி நேரத்தைத் தொடலாம். தொலைபேசி நிலையங்கள் அந்தக் காலத்திலிருந்தே டி.சி.யை டி.சி.யாகவே கொடுத்துவந்தது இதனால்தான்.

அந்தப் புத்தியின் குட்டி வடிவம்தான் இப்போது ‘மினி யு.பி.எஸ்.’ என்று விற்கிறது. சோப்புப் பெட்டி அளவு. உள்ளே லித்தியம் செல்கள். அடாப்டருக்கும் வைஃபை பாக்ஸுக்கும் நடுவில் செருகிவிட்டால் போதும். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்: “எத்தனை மணி நேரம்ண்ணா நிக்கும்?” “பத்தாயிரம் எம்.ஏ.ஹெச். சார். உங்க பாக்ஸ் ஒரு ஆம்பியர். அப்ப பத்து மணி நேரம், கணக்கு கரெக்டா வருதுல்ல?” கணக்கு கரெக்டாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பத்தாயிரம் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்னது. பெட்டி கேட்பதோ 12 வோல்ட். 10 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றுவதில் 15 சதவீதம் போகும் என்று வைத்துக்கொண்டால் 12 வாட் பெட்டி இரண்டரை மணி நேரம் ஓடும். எம்.ஏ.ஹெச்.சை விட்டுவிட்டு, ‘எத்தனை வாட்-மணி?’ என்று கேளுங்கள். உங்களுக்கு நான்கு மணி நேரம் வேண்டுமென்றால் 60 வாட்-மணியாவது தேவை. உள்ளே இருக்கும் உருளை செல்கள் 18650 என்ற வகை என்றால், அதில் ஒரு செல்லுக்கு நல்ல கம்பெனிச் சரக்கே 3,500 எம்.ஏ.ஹெச். அளவில்தான் வரும். ஒரே செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் அது வெறும் ஸ்டிக்கர்.

இன்னும் சில சங்கதிகள். மலிவான சிலவற்றில் மூன்று செல்லை வரிசையாக இணைத்து அப்படியே வெளியே விட்டிருப்பார்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், இறங்க இறங்க 10-க்குக் கீழ். சில பெட்டிகள் பொறுத்துக்கொள்ளும். சில, பேட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே தள்ளாடி அணைந்து அணைந்து எழும். 12 வோல்ட்டை நிலையாகத் தருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது அடாப்டர். பெட்டியோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டரையே மினி யு.பி.எஸ்.ஸுக்கும் கொடுத்தால், அது பெட்டியையும் ஓட்ட வேண்டும், காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும். இரண்டும் முடியாமல் அடாப்டர் சுடும். அல்லது அடுத்த கரண்ட் கட் வரும்போது பேட்டரி பாதிதான் நிறைந்திருக்கும். 2 ஆம்பியர் அடாப்டர் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பின்னின் அளவும் கவனம்: வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொது, உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.5 பின் 2.1 சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆனால் தொளதொளவென்று நின்று தொடர்பு விட்டுவிட்டு வரும். 2.1 பின்னோ 2.5-க்குரிய குச்சி மேல் ஏறவே ஏறாது. அழுத்திப் பார்க்காதீர்கள்.

பவர் பேங்கில் 12 வோல்ட் கேபிள் போட்டு ஓட்டலாம், அவசரத்துக்குப் பாதகமில்லை. ஆனால் பெரும்பாலான பவர் பேங்குகள் ஒருபுறம் சார்ஜ் ஏறிக்கொண்டே மறுபுறம் கொடுக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. கொடுத்தாலும், கரண்ட் போய் வரும் கணத்தில் சப்ளை ஒரு துளி நேரம் அறுபடும்.

எந்த பேட்டரியானாலும் நம் ஊர் வெயில் அதன் எமன். ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. லாஃப்டில், மொட்டை மாடி அறையில், டி.வி. யூனிட்டின் மூடிய தட்டுக்குள் வைக்காதீர்கள். லித்தியம் பெட்டி லேசாக உப்பினாலும் அன்றே கழற்றி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். தீப்பிடிக்கக்கூடிய எதன் மேலும் அதை வைக்காதீர்கள், துணி போட்டு மூடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விலை கொஞ்சம் கூடினாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை கிடைத்தால் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும்.

இவ்வளவும் சில மணி நேரக் கரண்ட் கட்டுக்கு. நாள்கணக்கில் போகிறபோது வீட்டு பேட்டரியைப் பற்றிப் பேசுவதே பொருத்தமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் மூழ்கியபோதும், செல்போன் டவர்களே அடங்கிவிட்டன. டவரிலும் அதே 48 வோல்ட் பேட்டரிதான். சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர். வெள்ளத்தில் டீசல் கொண்டுபோக வண்டி நுழைய முடியாது. எல்லோருடைய வைஃபையும் போனதும் எல்லோரும் டவர் மேல் விழுவதால், உயிரோடு நிற்கிற டவரும் திணறும். டவரின் அடியிலிருந்து பேட்டரிகளைத் திருடிச் செல்வது தனிக் கதை.

எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று சட்டம் போடுவதும் எளிதாக இருக்கவில்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு 2007-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் டவருக்கு 8 மணி, நிலையத்துக்கு 24 மணி என்று விதி எழுதியது. அது நடைமுறைக்கே வரவில்லை. காட்டுத்தீ அனுபவத்துக்குப் பின் 2020-ல் கலிஃபோர்னியா, தீ அபாயப் பகுதிகளில் 72 மணி நேரம் என்றது. பிரிட்டனில் ஆஃப்காம் 2018-ல் சொன்னது, லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் அவசர அழைப்புச் செய்யக் குறைந்தது ஒரு மணி நேரம்.

ஆகவே வீட்டுக்கு நான்கு மணி நேர பேக்கப், கூடவே வேறு கம்பெனி சிம் ஒன்று போனில். அதற்கு மேல் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மட்டும் இன்னொரு காரியம் செய்யலாம். மாடிப்படி ஓரத்திலோ லிஃப்ட் அறை பக்கத்திலோ இணைய நிறுவனத்தின் இரும்புப் பெட்டி ஒன்று தொங்கும். மொத்தக் கட்டடத்துக்கும் நெட் அதன் வழியாகத்தான். அதற்கான கரண்ட் பொதுமீட்டரின் சாதாரண லைனிலிருந்து போகிறதா, ஜெனரேட்டர் லைனிலிருந்து போகிறதா என்று அசோசியேஷன் செயலாளரைக் கேளுங்கள். சாதாரண லைன் என்றால், லிஃப்டுக்குப் போகும் ஜெனரேட்டர் லைனில் அந்த ஒரு பிளக்கை மாற்றிக் கொடுக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.