கடல்கோளும் இளந்தொண்டரும்

கடல்கோள் என்னும் சொல் பழந்தமிழில் உண்டு. அதன் அறிகுறியை நாம் கற்பிக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்திராவை அடுத்த கடலடியில் காலை 9 மணியளவில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தாக்கியதோ பிற்பகல் 1 மணிக்குப் பின். இடையில் நான்கு மணி நேரம்! எச்சரிப்பார் இல்லை, பினாங்கில் 52 பேர் மாண்டனர்.

அதிர்வின் மையத்தை அடுத்திருந்த சிமலூ தீவிலோ, ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தோர் எழுவரே. 1907-இல் பட்ட துயரை ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லிற் பொதிந்து, பாட்டிமார் பேரர்க்குச் சொல்லி வந்தனர்: நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கின் மேட்டுக்கு ஓடு.

சங்கு ஊதினால் பெரட்டுக்கு ஓடத் தோட்டத்தார்க்குத் தெரிந்திருந்தது. அபாயச் சங்கு ஊதினால் எவ்வழி ஏறுவது, நடக்கமாட்டாத முதியவரை எவர் தூக்குவது? இதனைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதிவைப்பதே இளந்தொண்டர்க்கு முதல் வேலை. சோற்றுப் பொட்டலம் கட்டுவது பிறகு.