இல்லாத யந்திரத்துக்கும் விலாசம் உண்டு!

சென்னையில் தபால்காரர் உத்தியோகம் லேசானதல்ல. ராஜா அண்ணாமலைபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. இங்கே பல தெருக்களுக்கு எண்ணே பெயர். இரண்டாவது மெயின் ரோடு, மூன்றாவது குறுக்குத் தெரு என்று போகும். வாசலிலோ 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு இலக்கங்கள். "14-ஆம் நம்பர் வீடு" என்று சொன்னால் போதாது. எந்தக் கணக்குப்படி 14 என்பதையும் சொன்னால்தான் கடிதம் சேருகிற இடத்தில் சேரும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே சங்கடம் இருக்கிறது. அங்கே வீடே கிடையாது, விலாசம் மட்டும் உண்டு என்பதுதான் வேடிக்கை!

யந்திரத்துக்குள் யந்திரம்

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே, வெறும் கணக்கினாலேயே பத்துப் பதினைந்து சிறு கம்ப்யூட்டர்களை இருப்பதுபோலப் பாவித்து ஓடவிடும் வித்தைக்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். தமிழில் 'மெய்நிகர் யந்திரம்' என்கிறார்கள். அந்தச் சிறு யந்திரத்துக்குத் தான் பாவனை என்பது தெரியாது. தனக்கும் நினைவகம் இருக்கிறது, தட்டு இருக்கிறது, வெளியுலகத்தோடு பேச நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அது வேலை செய்கிறது. அதைத் தாங்குகிற பெரிய யந்திரத்தை வீட்டுக்காரர் என்றும், சிறு யந்திரங்களைக் குடித்தனக்காரர்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

இது நேற்று முளைத்த வித்தையல்ல. அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனி 'விஎம்/370' என்ற ஏற்பாட்டை 1972 ஆகஸ்டு 2-ந் தேதி அறிவித்தது. நம் தேசத்தில் 'பின்கோடு' வந்ததும் அதே மாதம், 15-ந் தேதிதான். அந்த 370 குடும்பத்து யந்திரம் ஒன்று அடுத்த வருஷமே, 1973-ல், அடையாற்றுக்குத் தென்புறமுள்ள ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது. விஎம்/370-லேயே 'குவெரி' என்றொரு கட்டளை இருந்தது. குவெரி என்றால் விசாரணை. பாவனை யந்திரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று தொடங்கிய விசாரணை இன்றும் ஓயவில்லை.

இப்போது இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை இரண்டு. பிரான்ஸ் தேசத்து ஃபப்ரீஸ் பெல்லார் 2003-ல் வெளியிட்ட 'க்யூஎமு' என்ற மென்பொருள் ஒன்று. அதைப் போன்ற பல மென்பொருள்களை ஒரே விதமாக மேய்க்கிற 'லிப்வர்ட்' மற்றொன்று. இது 2005-ல் தொடங்கியது. இரண்டும் எவரும் இலவசமாக எடுத்து ஆளக்கூடியவை.

ஒரே கதவிலக்கத்தில் இருவர்

நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் ஆறு ஜோடி இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு. 'மேக்' முகவரி என்பார்கள். அசல் கார்டுக்கு அதைத் தயாரித்த கம்பெனி எண் கொடுக்கிறது. பாவனைக் கார்டுக்குக் கம்பெனி ஏது? க்யூஎமு தானே 52:54:00 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், முதல் கார்டுக்கு அது வைக்கிற எண் 52:54:00:12:34:56. யார், எங்கே, எத்தனை முறை ஓட்டினாலும் இதே எண்தான்! இரண்டு குடித்தனக்காரர்களை இப்படி யோசிக்காமல் ஒரே வலையில் சேர்த்துவிட்டால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் எழுதிய கதைதான். ஒருவர் கடிதம் மற்றவருக்குப் போகும். சில சமயம் இருவருக்குமே போகாது. லிப்வர்ட் கடைசி மூன்று ஜோடிகளைத் தானே மாற்றி மாற்றிப் போட்டு இந்தத் தலைவலியைத் தவிர்க்கிறது.

நேரே க்யூஎமுவை ஆளுகிறவர் 'இன்ஃபோ நெட்வொர்க்' என்று தட்டினால் எந்தக் கார்டு, எந்த எண், எதோடு இணைந்திருக்கிறது என்று வரிசையாக வரும். இரண்டு யந்திரத்திலும் கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். ஆனால் 'சொல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே எண்' என்ற ஒற்றை வரி கையேட்டில் இருந்து, அதை அவர் படித்தும் இருந்தால், அந்த ஒரு நிமிஷமும் மிச்சம்.

2013-ல் வந்த இன்னொரு கட்டளை இதைவிட சுவாரஸ்யமானது. 'குவெரி ஆர்எக்ஸ் ஃபில்டர்' என்பது அதன் பெயர். கார்டின் எண் என்ன என்பதோடு, எந்தெந்த விலாசத்துக்கு வருவதை அது வாங்கிக்கொள்கிறது, யாருக்கு வந்தாலும் வாங்கிப் பிரித்துப் பார்க்கிறதா என்பதுவரை இது சொல்லிவிடும். குடித்தனக்காரர் உள்ளே இருந்தபடி தம் எண்ணை மாற்றிக்கொண்டால் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? தெரிவிக்கிறார்கள். ஆனால் ஒரு முறைதான். வீட்டுக்காரர் தரப்பு வந்து இந்தக் கட்டளையால் விசாரித்த பிறகே அடுத்த முறை மணி அடிக்கும். குறும்புக்காரக் குடித்தனக்காரர் ஒருவர் நிமிஷத்துக்கு நூறு தரம் எண்ணை மாற்றி வீட்டையே திணற அடித்துவிடக் கூடாதல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் இந்த ஏற்பாட்டைக் கையேடு சொல்லாவிட்டால், மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்ததைப் பார்க்கிறவர் பழுது என்றல்லவா நினைப்பார்?

இந்தக் கட்டளைகளின் விளக்கம் க்யூஎமுவில் வெகு காலம் இரண்டு இடங்களில் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. இரண்டு கணக்குப் புத்தகம் வைத்தால் என்ன நடக்கும் என்று மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். 2017-க்குள் இரண்டையும் ஒன்றாக்கி, கட்டளையின் இலக்கணம் எழுதுகிற இடத்திலேயே விளக்கத்தையும் வைத்தார்கள்.

மூன்று சாட்சிகள்

எல்லாவற்றிலும் அதிகமாக ஆளை ஏமாற்றுவது லிப்வர்ட்டின் 'டோம் ஐஎஃப் அட்ரஸ்' என்ற கட்டளை. 'இந்தக் குடித்தனக்காரரின் ஐ.பி. முகவரி என்ன?' என்று கேட்பது. ராத்திரி வேலையில் இருக்கும் ஒரு இளைஞர் இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு வரி வருகிறது. கீழே ஒன்றுமே இல்லை. யந்திரம் வலையிலிருந்து விழுந்துவிட்டது என்று தீர்மானித்து அதை நிறுத்தி மறுபடி கிளப்புகிறார். அந்த யந்திரமோ அதுவரை சௌக்கியமாக ஒரு கம்பெனியின் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது!

நடந்தது இதுதான். வேறொன்றும் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை, லிப்வர்ட் தானே முகவரி வழங்கி எழுதி வைத்த பதிவேட்டை மட்டும் புரட்டிப் பார்க்கும். குடித்தனக்காரர் தம் முகவரியைத் தாமே வைத்துக்கொண்டிருந்தாலோ, வேறிடத்தில் வாங்கியிருந்தாலோ, பதிவேட்டில் பெயர் இராது. வீடு காலி என்று அர்த்தமல்ல. ரிஜிஸ்டரில் இல்லை என்றுதான் அர்த்தம்.

'சோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால் வேறு சாட்சிகளையும் கூப்பிடலாம். 'ஏஜென்ட்' என்றால் உள்ளே குடியிருப்பவரையே கேட்பது. அதற்கென ஒரு சிறு நிரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது விவரமாகச் சொல்லும்; தனக்குத்தானே பேசிக்கொள்ளும் 127.0.0.1 என்ற முகவரியைக்கூட விடாது. ஆனால் அது குடித்தனக்காரர் வாய்மொழி என்பதை மறக்கக் கூடாது. 2018-ல் சேர்ந்த 'ஏஆர்பி' என்பது எதிர்சாரி டீக்கடைக்காரரைக் கேட்பது போல. அண்மையில் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டவரைப் பற்றித்தான் அவருக்குத் தெரியும். ஊமையாக இருப்பவரைப் பற்றித் தெரியாது. பதிவேடும் அப்பழுக்கற்றது அல்ல. காலி செய்துகொண்டு போனவர் பெயர், தவணை முடியும்வரை அதில் இருந்துகொண்டே இருக்கும்.

மூன்றும் பொய் சொல்வதில்லை. மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். கையேட்டில் அந்தப் பாராவை ஒரு தரம் படித்திருந்தால் நம் இளைஞர் கணக்கு யந்திரத்தின் கழுத்தைத் திருகியிருக்க மாட்டார்.

அந்தப் பாரா தமிழில் இருந்தால் இன்னும் விசேஷம். 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் முதலிய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதி, இலவசமாகவே கொடுத்து வருகிறது. இப்படி எழுதுகிறவர்களுக்குக் கட்டளையின் பெயரால் தொல்லை இல்லை. அதை மொழிபெயர்த்தால் யந்திரத்துக்குப் புரியாது, ஆகவே அப்படியே விட்டுவிடலாம். தொல்லை அடுத்த சொல்லில் இருக்கிறது. 'சோர்ஸ்' என்பதை 'மூலம்' என்றால் வைத்தியர் ஞாபகம் வருகிறது. 'ஆதாரம்' என்றால் அட்டை ஞாபகம் வருகிறது. 'யாரைக் கேட்க?' என்று எழுதிவிட்டால் ராஜா அண்ணாமலைபுரத்துத் தபால்காரருக்கும் விளங்கும்.