கணக்குப் பாடமும் கணினி விளையாட்டும்

கைப்பேசியும் கையுமாய் இருக்கும் பிள்ளையைக் கடிந்துகொண்டால், "கணக்குத்தான் போடுகிறேன், அப்பா" என்னும் விடை இக்காலத்தில் நம் இல்லங்கள்தோறும் கேட்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தபின், இத்தகைய விளையாட்டுகள் நம் தீவுகளுக்கும் எளிதில் எட்டுகின்றன. இவற்றால் கணக்கு வருமா? தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் சீட்டு வழங்கும் குமாஸ்தா இதைப்பற்றி எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள்க; கூட்டலும் கழித்தலுமே என் பிழைப்பு.

இதனைச் சோதித்தறிந்த இடம் நம் நாட்டிலேயே உண்டு. குஜராத்தின் வதோதரா நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு 2000-ஆம் ஆண்டில் அரசாங்கம் பள்ளிக்கு நான்கு கணினிகள் வழங்கிற்று. ஆயினும் சிறுவர் கைக்கு அவை எட்டியது அரிது. 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் முன்வந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளை ஆடச் செய்தது. ஒரு மணி பள்ளி வேளையில். மற்றொன்று அதற்குப் புறம்பே.

பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர், ஷான் கோல், லீ லிண்டன் இருவருடன் சேர்ந்து இம்முயற்சியை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். கணக்கில் மதிப்பெண்கள் நன்கு ஏறின. இரண்டாம் ஆண்டில் இன்னும் ஏறின. மொழிப் பாடத்தில் மாற்றமில்லை. ஆனால் விளையாட்டு நின்று ஓராண்டு சென்றபின் சோதித்தபோது, பெற்ற ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது!

செலவையும் கேளுங்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டாலர். அதே நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவ்வட்டாரத்துப் படித்த பெண் ஒருத்தியை 'பாலசகி' என அமர்த்தி நாள்தோறும் கற்பித்ததற்கோ இரண்டேகால் டாலரே ஆயிற்று. ஏற்றம் சற்றுக் குறைவு. காசுக்குக் கிடைத்த பயன் பன்மடங்கு.

குஜராத்தின் வேறு பள்ளிகளில் லிண்டன் பின்னர்க் கண்டதுதான் நாம் மறவாதிருக்க வேண்டியது. ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினர். பள்ளி வேளை முடிந்தபின் கொடுத்த இடத்திலோ, நலிந்த மாணவரே முன்னேறினர்.

சென்ற மாதம் என் மகன் விளையாட்டில் பெருக்கல் வாய்பாடு முழுவதையும் முடித்துப் பொற்காசுகள் குவித்தான். மறுநாள் சந்தையில், "கிலோ 140 ரூபாய் வீதம் ஒன்றரைக் கிலோ மீன் என்ன விலை?" என்று கேட்டேன். அவன் விரல்களை மடக்கத் தொடங்குமுன்னே மீன்காரி 210 ரூபாயைக் கேட்டுக் கை நீட்டிவிட்டாள்.