முன்பணம் கொடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்

புது ஊரில் குடியேற வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதான். தண்ணீர் தட்டுப்பாடு உண்டா, பள்ளிக்கூடம் பக்கமா, பஸ் வசதி எப்படி, வாசல் எந்தத் திசை, கார் நிறுத்த இடம் இருக்கிறதா. காற்று எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒருவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் இரண்டு, மூன்று லிட்டர். உள்ளே இழுக்கும் காற்றோ 10,000 லிட்டருக்கும் மேல். தண்ணீர் சரியில்லை என்றால் காய்ச்சலாம், வடிகட்டலாம், கேன் வாங்கலாம். தெருவில் இருக்கும் காற்றைத்தான் நுரையீரல் வாங்கியாக வேண்டும்.

பசுமையான, மாசு குறைந்த ஊர் எது என்று பலரும் விசாரிக்கிறார்கள். ஊரின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்ல பெயர் எடுத்த ஊரிலும் மூச்சு முட்டும் தெருக்கள் உண்டு. மாசுக்குப் பேர்போன நகரத்திலும் ஓரளவு நல்ல காற்று கிடைக்கும் பகுதிகள் உண்டு. ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு தெருவையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நுண்துகள் செய்யும் வேலை

காற்று மாசு என்றதும் கண்ணை உறுத்தும் புழுதிதான் நம் நினைவுக்கு வரும். அதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான இந்தத் துகள்களை பி.எம். 2.5 என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். டீசல் புகை, நிலக்கரி, எரியும் குப்பை, விறகடுப்பு ஆகியவற்றிலிருந்து இவை வருகின்றன.

பெரிய தூசியை மூக்கிலுள்ள முடியும் சளியும் தடுத்துவிடும். நுண்துகள் அந்தக் காவலைத் தாண்டி, நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றுப்பைகள் வரை போகிறது. அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு மட்டுமின்றி மாரடைப்பும் பக்கவாதமும் காற்று மாசோடு சேர்த்துப் பேசப்படுவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிப்புறக் காற்று மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரியவர்களைவிடக் கூடுதலாகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. தெற்கு கலிபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. அதே ஊர்களில் பின்னாளில் காற்று சீரானபோது, அடுத்து வந்த குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டது. சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பம் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எண்களை எப்படிப் படிப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றுத் தரக் குறியீட்டை நாள்தோறும் வெளியிடுகிறது. அதன் ‘சமீர்’ செயலியில் ஊர்வாரியாகவும் கண்காணிப்பு நிலையவாரியாகவும் பார்க்கலாம். 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என்று பிரித்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் குறியீடு 100, அதாவது ‘திருப்தி’. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளுக்கு விதித்த வரம்போ 15 மைக்ரோகிராம். நம் கணக்கில் திருப்தியான காற்று அந்த வரம்பைப் போல் நான்கு மடங்கு வரை மாசுபட்டிருக்கலாம். ஆண்டுச் சராசரியில் இடைவெளி இன்னும் பெரிது: உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5, இந்தியத் தரம் அனுமதிப்பது 40.

ஒரே ஒரு நாளின் எண்ணை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் ஜூலையில் சுத்தமாகத் தெரியும் இடம், காற்று அசையாத ஜனவரியில் வேறு மாதிரி இருக்கும். வெயில் காலம், மழைக்காலம், மார்கழிப் பனி என மூன்று பருவத்து எண்களையும் பாருங்கள். அளவிடும் நிலையம் நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவிக்கு உங்கள் தெருமுனையில் எரியும் குப்பை தெரியாது.

ஒரே நகரம், வேறு வேறு காற்று

சென்னையை எடுத்துக்கொள்வோம். வடக்கே மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தயாரிப்பு, அனல் மின்சாரம், சாம்பல் குட்டை எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தெற்கே அடையாற்றில் முகத்துவாரம், பிரம்மஞான சபைத் தோப்பு, சற்றுத் தள்ளி கிண்டி தேசியப் பூங்கா. இரண்டு இடத்துக்கும் முகவரியில் சென்னை என்றுதான் எழுதுகிறோம். எண்ணூர்க்காரர்கள் யாரும் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் ஆலைகள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவை.

நகரத்துக்குள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், வீட்டுக்கும் பிரதான சாலைக்கும் உள்ள தூரம் முக்கியம். போக்குவரத்துப் புகையின் தாக்கம் பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை கூடுதலாக இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. லண்டனில் நெரிசலான சவுத் சர்குலர் சாலைக்கு மிக அருகில் வசித்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 2013-இல் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதல் முறை.

புறவழிச் சாலையைப் பார்த்தபடி கட்டிய அடுக்குமாடி வீட்டை ‘சாலை வசதி’ என்று சொல்லி விற்கிறார்கள். அதே குடியிருப்பை நான்கு தெரு உள்ளே தள்ளிப் பார்க்க முடிந்தால், அதுவே உங்கள் குழந்தைக்கு நல்லது.

நிலமும் காற்றின் திசையும்

டெல்லி நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நகரம். குளிர்காலத்தில் மேலே சூடான காற்று மூடிபோல் படிந்து, கீழே உள்ள புகையை வெளியே விடாது. சென்னைக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து புகையைக் கலைத்துவிடுகிறது. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அதன் வழியே வரும் காற்று ஊரைத் துடைத்துக்கொண்டு போகும்.

இயற்கை தரும் இந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. கடலோரத்தில் இருந்தும், மாசு மிகுந்த நகரங்களுக்கான தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சென்னை, மதுரை, திருச்சியும் அதே பட்டியலில் உள்ளன. 2018 போகியன்று புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களை முடக்கின. காற்று அசையாத விடியற்காலையில் கடற்கரை நகரத்துக்கும் பாதுகாப்பு இல்லை.

தொழிற்பேட்டையோ குப்பைக் கிடங்கோ அருகில் இருந்தால், தூரத்தோடு திசையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்தும், வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையிலிருந்தும் காற்று வீசுகிறது. ஆலைக்குக் கிழக்கே இருக்கும் மனைக்குப் பல மாதங்கள் அதன் புகைதான்.

பச்சையாக இருந்தால் போதுமா?

மரங்களின் பலன் நிழலோடு நிற்பதில்லை. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரியும் படுக்கை கிடைத்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு பகுதி பசுமையானதா என்று சொல்ல நகர வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-இல் ஓர் எளிய கணக்குத் தந்தார்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்களாவது தெரிய வேண்டும், அந்தப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். இதை நீங்களே நடந்து பார்த்துச் சரிபார்க்கலாம்.

ஆனால் பசுமையும் தூய்மையும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை. கொடைக்கானலைவிடப் பசுமையான ஊர் எது? அங்கேதான் வெப்பமானி ஆலை ஒன்றின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டு, 2001-இல் ஆலை மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசத்தைப் பற்றிய பேச்சு அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை. புதுக் குடியிருப்புகளில் அழகுக்காக வரிசையாக நட்ட கோனோகார்பஸ் மரத்தின் மகரந்தத்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வருவதாகப் புகார்கள் எழுந்து, தமிழ்நாடு அரசு அதை நடத் தடை விதித்தது. புல்தரையையும் அலங்காரச் செடியையும் விட வேம்பு, புங்கன், நாவல், பூவரசு நிற்கும் தெரு எவ்வளவோ மேல்.

மரப்பட்டையையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சாம்பலும் பச்சையுமாகச் செதில் செதிலாகப் படிந்திருப்பது லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். அதற்கு வேர் கிடையாது. தேவையானதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கந்தகப் புகை மிகுந்தால் பட்டுப்போகும். 1866-லேயே வில்லியம் நைலாண்டர், பாரிஸ் நகருக்குள் காணாமல் போன லைக்கன் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் தழைத்திருப்பதைக் கண்டு, அதைக் காற்றின் அளவுகோல் என்று எழுதினார். வறண்ட சமவெளியில் லைக்கன் குறைவாகத்தான் இருக்கும். மலையூர்களில் வீடு தேடுபவர்களுக்கு இது நல்ல அடையாளம்.

தண்ணீரும் சத்தமும்

காற்று நன்றாக இருந்து நிலத்தடி நீர் கெட்டிருக்கும் ஊர்களும் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவும், நொய்யல் கரையில் சாயக் கழிவும் கிணறுகளைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இயற்கையாகவே ஃபுளோரைடு அதிகம். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், நைட்ரேட் 45-க்குள்ளும், ஃபுளோரைடு 1-க்குள்ளும் இருப்பது நல்லது.

இரைச்சலும் மாசுதான். தூக்கத்தைக் கெடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது நம் நாட்டுச் சட்டம் சொல்லும் வரம்பு.

நேரில் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

- விடியற்காலை ஆறு மணிக்கும், வேலை நாளில் மாலை ஏழு மணிக்கும் போய் நில்லுங்கள். சருகும் பிளாஸ்டிக்கும் எரியும் வாடை வருகிறதா?
- ஜன்னல் கட்டையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் நிறமென்றால் புழுதி. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டினால் பெரும்பாலும் புகைக்கரி.
- பக்கத்து வீட்டுக்காரர்களிடம், துணி காயப்போட்டால் கரி படிகிறதா, குழந்தைகளுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறதா என்று கேளுங்கள்.
- எதிரே உள்ள காலிமனை முழுமைத் திட்டத்தில் குடியிருப்பா, தொழிற்பகுதியா, வரப்போகும் சாலையா என்று விசாரியுங்கள்.
- குப்பைக் கிடங்கு, செங்கல் சூளை, கல் குவாரி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

இடம் மாற முடியாதவர்களுக்கு

வேலை, வாடகை, வயதான பெற்றோர் என்று பல காரணங்களால் பெரும்பாலோருக்கு இருக்கும் இடம்தான் இடம். அவர்களும் செய்யக்கூடியவை நிறைய உண்டு. வீட்டுக்குள் உண்டாகும் புகையை முதலில் நிறுத்துங்கள். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகளை வெளிவிடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொசுவலை கட்டுவது மேல். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். நெரிசல் நேரத்தில் சாலைப் பக்க ஜன்னலை மூடி, பின்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடைப்பயிற்சிக்குப் பிரதான சாலையைத் தவிர்த்து உள்தெருக்களில் போங்கள். புகை மூட்டமான நாளில் ஆஸ்துமாக்காரர்களும் இதய நோயாளிகளும் என்95 முகக்கவசம் அணிந்து வெளியே போவது நல்லது. துணிக் கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது.

பிறகு தெருவுக்கு வாருங்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கம் சேர்ந்து படம் எடுத்து, உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுத்தாகப் புகார் கொடுங்கள். சருகை உரமாக்க ஒரு மூலை ஒதுக்குங்கள். வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறு மரம் நடச் சொல்லிக் கேளுங்கள். கலிபோர்னியக் குழந்தைகளின் நுரையீரல் தேறியது, அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனதால் அல்ல. வாகனப் புகைக்கும் எரிபொருளுக்கும் கடும் விதிகள் வந்து அங்கேயே காற்று மாறியதால்.

நல்ல காற்றுள்ள தெருவைத் தேடிப் போவது நம் குடும்பத்துக்குச் செய்யும் நன்மை. இருக்கும் தெருவின் காற்றைச் சீராக்குவது, போக வழியில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யும் நன்மை. முதலாவது எல்லோராலும் முடியாது. இரண்டாவதை எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் இன்றே தொடங்கலாம்.