கத்தியும் பொறுமையும்

கால்பந்தாட்டம் பார்க்கும்போது நாம் ஆட்டக்காரனின் பாதத்தையே கவனிக்கிறோம். ஆனால் அவனுடைய வேகமும் உதையும் வயிற்றுத் தசையும் தொடைத் தசையும் சந்திக்கும் தொடையிடுக்கை நம்பியே இருக்கின்றன. சடக்கென்று திரும்பும்போதும் பலங்கொண்டு உதைக்கும்போதும் அவ்விடந்தான் பெருஞ்சுமையைத் தாங்குகிறது. அங்கே ஊறு நேர்ந்தால் வெளியே காயம் தெரியாது. இருமினாலும் தும்மினாலும் வலி மட்டும் வந்து நிற்கும்.

லண்டன் ரண சிகிச்சை நிபுணர் ஜெர்ரி கில்மோர், 1980-ல் இத்தகைய வலியால் தொழிலையே இழக்கும் நிலையிலிருந்த மூன்று ஆட்டக்காரர்களுக்குச் சிகிச்சை செய்தார். குடலிறக்கம் இல்லை, அடிவயிற்றின் தசைநார்களே கிழிந்திருந்தன. அவற்றைச் செப்பனிட்டதும் மூவரும் தேறினர்.

அப்படியானால் எல்லாருக்கும் கத்திதான் கதியா? அல்ல. உட்தொடைத் தசையில் நாட்பட்ட வலியுற்ற விளையாட்டு வீரர்களை டென்மார்க்கில் டாக்டர் ஹோல்மிக் குழுவினர் ஆராய்ந்து, முடிவை 1999-ல் வெளியிட்டனர். தசையைத் தேய்த்துவிடுதல் முதலிய சிகிச்சை பெற்ற 30 பேரில் நால்வரே வலியின்றிப் பழையபடி ஆடினர். 8 முதல் 12 வாரம் தசையை உரமாக்கும் பயிற்சி செய்த 29 பேரிலோ 23 பேர் அவ்வாறு ஆடினர்!

கத்தி வைத்தாலும் பயிற்சியை விட முடியாது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதன்பின் வேக ஓட்டம்; திரும்புதலும் உதையும் கடைசியில்தான். சங்கம் அவசரப்படுத்தலாம், ரசிகர்கள் ஆரவாரித்து அழைக்கலாம். ஒரு போட்டிக்காக அவசரப்படுகிறவன் பல போட்டிகளை இழக்க நேரும். வெளியே அமர்ந்திருக்கும் வீரனைக் கோழை என்று நாம் ஏசாதிருப்போமாக!